கூப்பிடாமல் ஒரு தேதி

தேவாலயப் பெண்கள் சங்கம் நாட்காட்டி அச்சடித்த காலத்தில், மாலி என்ற வறண்ட சமவெளிப் பக்கத்துக் கோதுமை விவசாயிகள் ஒருவரையொருவர் எதற்கும் அழைத்ததில்லை. அந்த நாட்காட்டி எல்லாச் சமையலறைகளிலும் தொங்கும். கட்டங்களுக்குள் பொடி எழுத்தில் ஊராரின் பிறந்தநாள், திருமணநாள், போனவர்களின் நினைவுநாள் எல்லாம் இருக்கும். பார்த்தவர்கள் ஆளுக்கொரு தட்டு பலகாரத்தோடு வந்து நிற்பார்கள். வராதவரை ஏன் வரவில்லை என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

அம்மா இறந்த வருடம் லோர்னாவுக்குப் பத்தொன்பது வயது. தன் பிறந்தநாள் யாருக்கு நினைவிருக்கும் என்று நினைத்தபடி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மூன்று மணிக்குப் பதினோரு கேக்குகள் வந்து இறங்கின. உட்கார இடமில்லாமல் அண்ணன் மெர்வின்தான் தேவாலயத்திலிருந்து நாற்காலிகளைச் சுமந்துவந்து போட்டான்.

அந்தத் தேவாலயத்தை மூடி ஆறு வருடமாகிறது. ஞாயிறு ஆராதனைக்கு ஒன்பது பேர்கூடச் சேராததால் ஓட்டெடுப்பு வைத்தார்கள். மூடலாம் என்று கை தூக்கியவர்களில் லோர்னாவும் ஒருத்தி. நாற்பது வருடம் அங்கே மணியடித்த மெர்வின் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியேறினான். அன்றோடு தங்கையிடம் பேச்சு நின்றது. நாட்காட்டியும் நின்றது. இப்போது லோர்னாவின் தோழி கிளெனிஸ்தான் ஊர்த் தேதிகளையெல்லாம் போன் நாட்காட்டியில் போட்டு எல்லோருக்கும் தெரியும்படி வைத்திருக்கிறாள்.

"பன்னெண்டாம் தேதி, மூணு மணி, லோர்னாவுக்கு எழுபது. போட்டாச்சு," என்றாள் கிளெனிஸ், லோர்னாவின் சமையலறையில் உட்கார்ந்து. "அழைப்பு அனுப்பவான்னு போன் கேக்குதுடி. மெர்வினுக்கு மட்டும் அனுப்பட்டுமா?"

"வேணாம்."

"ஆறு வருஷமாச்சு. கூடப்பொறந்தவன்டி."

"அதனாலதான் சொல்றேன். அழைப்பு போனா வரேன், வரலைன்னு ஏதாவது ஒண்ண அமுக்கணும்ல? அவன் வரலைன்னு அமுக்கிடுவான். அப்புறம் மனசு மாறினாலும், சொன்ன சொல்லுக்காக வரமாட்டான்."

"சரியான கழுதை."

"எங்க குடும்பமே அப்படித்தான்."

கிளெனிஸ் சிரித்துவிட்டாள். "சரி, தேதி மட்டும் கிடக்கட்டும். அவன் போன்லயும் தெரியும். டாக்டர் ஊருக்கு வர்ற நாள் பாக்கணும்னு போன வருஷம் நான்தான் வச்சுக் குடுத்தேன்."

அன்று ஜெபத்தில் அண்ணனை அழைத்து வரும்படி கேட்க லோர்னாவுக்கு வாய் வரவில்லை. ஆண்டவரே, அவன் போனை எடுத்துப் பார்த்தால் போதும் என்று மட்டும் கேட்டாள்.

பன்னிரண்டாம் தேதி மேசை நிறைந்தது. வெளியே சரளைக்கல் நெரியும் சத்தம் கேட்கும்போதெல்லாம் லோர்னா திரும்பிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் வேறு யாரோதான் வந்தார்கள். நாலரைக்கு எல்லோரும் தட்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கிளெனிஸ் மட்டும் நான்கு கோப்பைகளை நாற்பது கோப்பைபோலக் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஐந்து மணிக்கு ஒரு பிக்கப் வண்டி வந்து நின்றது. எஞ்சின் அணையவில்லை. லோர்னா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"இந்தப் பக்கமா போயிட்டிருந்தேன்," என்றான் மெர்வின், வண்டிக்குள்ளிருந்தபடியே.

அந்தப் பாதை லோர்னாவின் ஆட்டுப்பட்டியோடு முடிகிறது. அதைத் தாண்டிப் போக இடமே கிடையாது. அவள் வண்டியின் ஜன்னலருகே போய் நின்றாள்.

"என்னை யாரும் கூப்பிடல."

"ஆமா, கூப்பிடல."

"ம்." அவன் பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு ஜாடி வெள்ளரிக்காய் ஊறுகாயை எடுத்து நீட்டினான். "போன வாரம் போட்டது. உனக்குன்னு ஒண்ணும் போடல."

லோர்னா ஜாடியைத் திருப்பிப் பார்த்தாள். மூடியைச் சுற்றி ரிப்பன் கட்டியிருந்தது.

"தெரியுது. வண்டிய அணைச்சுட்டு வாண்ணே. கதவு திறந்து கிடக்கு, ஈ புகுந்துடும்."

எஞ்சின் நின்றது. உள்ளே கிளெனிஸ், கழுவிக் கவிழ்த்த கோப்பைகளில் ஒன்றை நிமிர்த்தி வைத்து, தேநீருக்குக் கெட்டிலை அடுப்பில் வைத்தாள்.