பெயர் மட்டும் என்னுடையது

பல்லில் அடைத்த சிமெண்ட் இறுக நான்கைந்து நிமிடம் ஆகும். அதுவரை நோயாளி வாயைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார். அந்த இடைவெளியில் பல் டாக்டர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, மேசையில் கிடக்கும் போனை எடுப்பார். ‘உங்கள் ஒப்புதலுக்காக மூன்று கட்டுரைகள் காத்திருக்கின்றன’ என்று செய்தி வந்திருக்கும். தலைப்பைப் பார்ப்பார். கீழே தன் புகைப்படம் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஒப்புதல், ஒப்புதல், ஒப்புதல் என்று மூன்று தட்டுத் தட்டுவார். புதுக் கையுறை மாட்டிக்கொண்டு திரும்பும்போது சிமெண்ட் இன்னும் இறுகியிருக்காது.

எடுத்த எடுப்பிலேயே அப்படி இருந்தவர் இல்லை அவர். இரண்டு வருடம் முன்பு, ஓர் இணைய ஆரோக்கியப் பத்திரிகை அவரைத் தேடி வந்தது. முதல் நான்கு கட்டுரைகளை அவரே எழுதினார். ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, எழுதி, அடித்து, பழைய பாடப் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்த்து எழுதினார். ஐந்தாவது கட்டுரை தாமதமானபோது பத்திரிகையின் ஆசிரியர் கூப்பிட்டார்.

“நீங்க எதுக்கு டாக்டர் கஷ்டப்படணும்? எங்க ஆளுங்க எழுதிடுவாங்க. நீங்க ஒரு பார்வை பாத்து சரின்னு சொன்னா போதும்.”

முதலில் ஒரு பார்வை. அப்புறம் அரைப் பார்வை. கடைசியில் அதுவும் இல்லை.

பணத்துக்காகச் செய்தார் என்று யாரும் சொல்ல முடியாது. அவர்கள் கொடுத்தது போன் கட்டணத்துக்குக்கூடக் காணாது. ஆனால் கூடப் படித்தவர்கள் கூப்பிட்டு, “எங்க பாத்தாலும் உன் முகம்தான்” என்றார்கள். மாமியார் அக்கம்பக்கத்து வீடுகளில் போனை நீட்டி, “எங்க மருமக” என்று காட்டிவிட்டு வந்தார். பதினெட்டு வருடம் ஒரு சின்ன அறையில் அடுத்தவர் வாய்க்குள் குனிந்தே கிடந்தவருக்கு, ஊரே நிமிர்ந்து பார்ப்பது பிடித்திருந்தது. தித்திப்பு பல்லை மட்டும்தான் கெடுக்கும் என்று நினைத்திருந்தார் போலும்.

இரண்டு தெரு தள்ளித் தையல் கடை வைத்திருந்த தையல்காரம்மா, டாக்டரிடம் பல வருடமாக வருகிறவர். பள்ளிச் சீருடைகள் தைப்பவர். டாக்டர் போட்டிருக்கும் வெள்ளைக் கோட்டும் அவர் தைத்ததுதான். நூலைப் பல்லால் கடித்து அறுத்தே முன்பல் இரண்டில் பள்ளம் விழுந்திருந்தது. “கத்தரிக்கோல் கையிலேயே இருக்கு, எதுக்குப் பல்லை வேலை வாங்கறீங்க?” என்று டாக்டர் திட்டுவார். “அது தானா வாய்க்குப் போயிடுது டாக்டரம்மா” என்று அவர் சிரிப்பார்.

கடைசியாக வந்தபோது கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல் வேர்வரை சொத்தையாகி இருந்தது. இப்போதே வேரைச் சுத்தம் செய்துவிடலாம் என்றார் டாக்டர்.

“பள்ளிக்கூடம் திறக்கட்டும் டாக்டரம்மா. நூத்துக்கணக்குல சட்டை கிடக்கு. தலைக்கு மேல வேலை.”

“வலி வந்தா தள்ளிப் போடாதீங்க.”

“எனக்கென்ன பயம்? நீங்க எழுதுறதை ஒண்ணு விடாம படிக்கிறேனே! போனை மிஷின் மேல சாத்தி வச்சுக்கிட்டு, தைச்சுக்கிட்டே படிப்பேன். போன வாரம் சர்க்கரை நோய்க்காரங்க என்ன சாப்பிடணும்னு எழுதியிருந்தீங்க இல்ல? கடையில பட்டனுக்குக் காஜா எடுக்கிற அக்காகிட்ட அதைத்தான் படிச்சுக் காட்டினேன். அப்படியே கேட்டு நடக்குறாங்க.”

டாக்டருக்கு ஒரு கணம் கை நின்றது. சர்க்கரை நோய்க்கு உணவு முறை என்று நாம் எப்போது எழுதினோம்? பல்லைத் தவிர வேறொன்றைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லையே! அன்றைக்கே பத்திரிகையைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். வெளியே இன்னும் ஆறு பேர் காத்திருந்தார்கள். “அப்படியா? நல்லது” என்று சிரித்து அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகு தையல்காரம்மா வரவில்லை. ஏழெட்டு வாரம் கழித்து, ஒரு சாயங்காலம் அவருடைய கணவர் வந்தார். பேருந்து ஓட்டுநர். சீருடையோடு வந்து நின்றார். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“எங்க வீட்டுக்காரி போய்ட்டா டாக்டரம்மா. ஒரு மாசமாகுது.”

“எப்படி?” என்று கேட்டார் டாக்டர்.

“பல்லுலதான் ஆரம்பிச்சது. கன்னம் வீங்குச்சு. டாக்டரம்மாகிட்ட போலாம் வான்னு கூப்பிட்டேன். எதுக்குப் போகணும், அவங்களே எழுதியிருக்காங்கன்னு போனைக் காட்டினா. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை சூடா உப்பு ஒத்தடம், கிராம்புத் தண்ணி, மூணு நாளு கெட்டியா எதுவும் சாப்பிடாம இருந்தா தானா வடிஞ்சுடும்னு இருந்துச்சு. அப்படியே செஞ்சோம். ரெண்டாம் நாளு வீக்கம் கழுத்துக்கு இறங்கிடுச்சு. மூணாம் நாளு வாயைத் திறக்க முடியல, எச்சில் முழுங்க முடியல. அப்புறம் மூச்சே விட முடியல. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். லேட்டுன்னுட்டாங்க.”

சண்டை போட வந்த முகமாக அது இல்லை. பரீட்சையில் எந்தக் கேள்வியில் தோற்றோம் என்று கேட்க வந்த பையனைப் போல நின்றார்.

“ஒண்ணு கேக்கணும். ரெண்டாம் நாளு மத்தியானம் ரெண்டு மணிக்குக் கொடுக்க வேண்டிய ஒத்தடத்தை நான் விட்டுட்டேன். காலையில நாலு மணிக்கே வண்டி எடுத்திருந்தேன். வந்து உக்காந்தவன் அப்படியே அசந்துட்டேன். எழுந்து பாத்தா மணி அஞ்சு. அந்த ஒரு தடவை விட்டதாலதான் இப்படி ஆச்சா டாக்டரம்மா?”

டாக்டரின் முகத்தில் ஈயாடவில்லை. தாடைக்கு அடியில் இறங்கும் வீக்கம் எத்தனை வேகமாக மூச்சுக்குழலை நெரிக்கும் என்பதை இரண்டாம் வருடப் பல் மருத்துவ மாணவரே சொல்வார். வீங்கிய இடத்தில் சூட்டை வைத்துக்கொண்டு மூன்று நாள் காத்திரு என்று படித்த எவரும் சொல்ல மாட்டார்கள். சொல்லியிருக்கிறது. அவருடைய புகைப்படம் சொல்லியிருக்கிறது.

“சில நேரம் அப்படி ஆயிடும்” என்றார், மேசையைப் பார்த்தபடி. “நம்ம கையில எதுவும் இல்ல.”

“அப்போ அந்த ஒரு தடவை…”

டாக்டர் பதில் சொல்லவில்லை. ஓட்டுநர் சற்று நேரம் நின்றார். அந்த மௌனத்தையே பதிலாக எடுத்துக்கொண்டு, தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார்.

மற்ற நோயாளிகளை நாளைக்கு வரச் சொல்லும்படி நர்ஸிடம் சொல்லிவிட்டு, டாக்டர் கதவைச் சாத்திக்கொண்டார். கட்டுரையைத் தேடி எடுத்து முதல் முறையாகப் படித்தார். ‘பதினெட்டு ஆண்டு அனுபவம் மிக்க பல் மருத்துவர் எழுதுகிறார்’ என்று தொடங்கியது. ‘எதற்கெடுத்தாலும் பல் டாக்டரிடம் ஓட வேண்டியதில்லை’ என்று ஒரு வரி தடித்த எழுத்தில் இருந்தது. பக்கத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். உடனே ஆசிரியரைக் கூப்பிட்டார்.

“இந்தக் கட்டுரையை எழுதினது யாரு?”

“எங்க டீம்ல ஒரு தம்பி, டாக்டர். ஏன்?”

“என்ன படிச்சவர்?”

“நல்லா எழுதுவாரு. சினிமாப் பக்கம், பயணப் பக்கம், உணவுப் பக்கம் எல்லாம் அவர்தான்.”

“உணவுப் பக்கத்துலயும் என் படத்தைத்தான் போடறீங்களா?”

“ஊட்டச்சத்து நிபுணர் யாரும் கிடைக்கல டாக்டர். நீங்களும் டாக்டர்தானே!”

நடந்ததை டாக்டர் சொன்னார். மறுமுனையில் குரல் மாறி வந்தது. “கடைசியில சின்ன எழுத்துல ‘மருத்துவரை அணுகவும்’னு போட்டிருக்கோமே.”

“மருத்துவர் படத்தைப் போட்டுட்டு மருத்துவரைக் கேளுன்னா எப்படி? கேட்டாச்சுன்னுதானே அவங்க நினைச்சிருப்பாங்க!”

“கோவப்படாதீங்க. படிச்சுப் பாத்து ஒப்புதல் கொடுத்தது நீங்கதானே டாக்டர்?”

டாக்டர் தன் பெயரையும் படத்தையும் எல்லா இடத்திலிருந்தும் எடுக்கச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். பெயரோடு கட்டுரையும் போய்விடும், கேட்க வந்தவரும் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். யாருக்கும் எதுவும் தெரியப் போவதில்லை. ஆனால் ‘அந்த ஒரு தடவை’ என்று பாதியில் நின்ற அந்தக் குரல் அவரை விடவில்லை. மறுநாள் மத்தியானம் தையல் கடையை விசாரித்துக்கொண்டு போனார்.

கடைக்கு மேலேயே வீடு. கூடத்தில் தையல் மிஷின் மேல் துணி போர்த்தியிருந்தது. கை தைக்காத சட்டைகள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தன. பள்ளிக்கூடம் திறந்து எத்தனையோ நாளாகிவிட்டது. உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. ஓட்டுநர் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். இப்போது டாக்டர் உட்காரவில்லை.

“நேத்து நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்” என்றார். “நீங்க ஒத்தடத்தை விட்டதால எதுவும் ஆகல. அந்த ஒத்தடமே கொடுத்திருக்கக் கூடாது. முதல் நாளே என்கிட்ட வந்திருக்கணும். வரவேண்டாம்னு சொன்னது அந்தக் கட்டுரை. அதை நான் எழுதல. படிக்கவும் இல்ல. படிக்காமலே என் பேரைக் கொடுத்தேன்.”

ஓட்டுநருக்கு விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. “அப்போ… நான் தூங்கினதால இல்லையா?”

“இல்ல. சத்தியமா இல்ல.”

அவர் அப்படியே சுவரோரம் தரையில் உட்கார்ந்துவிட்டார். முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. பிறகு தலையை நிமிர்த்தினார். அவர் கண்ணில் முதல் தடவையாகக் கோபம் தெரிந்தது.

“நேத்தே சொல்லியிருக்கலாமே! நேத்து உங்க படியிறங்கி வந்தவன், எங்கயாவது போய் விழுந்து செத்திருந்தா?”

“பயந்துட்டேன்.”

“எனக்குச் சொன்னது பத்தாது. எம்பொண்ணுகிட்ட சொல்லுங்க. அவ எங்கூடப் பேசி ஒரு மாசமாச்சு.” உள்ளறைக் கதவைத் தட்டினார். “அம்மாடி, கொஞ்சம் வெளியே வா.”

வெளியே வந்தவளுக்குக் கல்லூரிக்குப் போகும் வயது. அப்பாவைப் பார்க்காமல் டாக்டரை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் எல்லாவற்றையும் மறுபடி சொன்னார். இரண்டாவது முறை சொல்வது சுலபமாக இல்லை. அவள் அழவில்லை. கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அம்மா முதல் நாளே உங்ககிட்ட வந்திருந்தா?”

“பல்லை எடுத்து சீழை வடிச்சிருப்பேன். உடனே ஆஸ்பத்திரியில சேர்த்திருப்பேன். பெரும்பாலும்… பிழைச்சிருப்பாங்க.”

“எங்கம்மா போன்ல வர்ற எதையும் சுலபமா நம்ப மாட்டாங்க. வதந்தி எதையாவது காட்டினா, யாரு எழுதினதுன்னு முதல்ல கேப்பாங்க. இதையும் கேட்டுட்டுத்தான் நம்பினாங்க. உங்க பேரு இருந்துச்சு.”

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு சுவரோரம் போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து, “நீ தூங்கினதாலதான்னு சொன்னேனேப்பா… உன்னையே சொன்னேனே…” என்று அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் தனக்கு இனி வேலை இல்லை என்று டாக்டருக்குப் புரிந்தது. அவரை யாரும் மன்னிக்கவில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பவும் இல்லை.

அந்த வாரமே டாக்டர், நடந்ததை ஒளிவுமறைவு இல்லாமல் எழுதி, பல் மருத்துவக் கவுன்சிலுக்குத் தன் மேலேயே புகார் கொடுத்தார். விசாரணை நடந்தது. ஒரு வருடம் தொழில் செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது. மாமியார் அக்கம்பக்கத்தில் போனைக் காட்டுவதை நிறுத்திக்கொண்டார். அவருடைய கிளினிக் வாசலில் பூட்டு தொங்கியது. டாக்டர் அதைப் பற்றி யாரிடமும் குறைப்பட்டுக்கொள்ளவில்லை.

பத்திரிகையில் அவர் படம் போய்விட்டது. கட்டுரையும் போயிருக்கும் என்றுதான் நம்பியிருந்தார். ஒரு நாள் பொறுக்க முடியாமல் தேடிப் பார்த்தார். கட்டுரை அப்படியே இருந்தது. உப்பு ஒத்தடம், கிராம்புத் தண்ணீர், மூன்று நாள் என்று ஓர் எழுத்துகூட மாறவில்லை. பக்கத்தில் மட்டும் வேறொரு பல் மருத்துவர் சிரித்துக்கொண்டிருந்தார். இளைஞர்.

அவருடைய எண்ணைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். தான் யார் என்று சொன்னார்.

“டாக்டர், கன்னம் வீங்கினா என்ன செய்யணும்னு உங்க பேர்ல ஒரு கட்டுரை இருக்கு. அதை நீங்க படிச்சீங்களா?”

“படிச்சுத்தான்… அதாவது, அவங்க அனுப்புவாங்க மேடம். தினமும் நாலஞ்சு வரும். நல்ல ஆளுங்கதான் எழுதுறாங்க.”

“அதை நம்பி ஒரு அம்மா செத்துட்டாங்க. என் பேரைப் பாத்து நம்பினாங்க. இப்போ அந்த இடத்துல உங்க பேர் இருக்கு.”

மறுமுனையில் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

“நான் என்ன மேடம் செய்யணும்?” என்று கேட்டார் அந்த இளைஞர்.

“முதல்ல அதை எடுக்க வையுங்க, இப்பவே. அப்புறம் ஒண்ணே ஒண்ணு. நம்ம பேருக்கு முன்னாடி இருக்கிற ‘டாக்டர்’ங்கிறது நமக்குக் கிடைச்ச பட்டம் மட்டும் இல்ல. அதைப் பாத்து ஒருத்தர் தன் உசிரை நம்ம கையில கொடுக்கறாங்க. படிக்காத எழுத்துக்குக் கீழ அந்தப் பேரைப் போட அனுமதிக்கிறதும், பாக்காத நோயாளிக்கு விஷத்தை எழுதிக் கொடுக்கிறதும் ஒண்ணுதான். எனக்கு இது புரியறதுக்கு ஒரு வீட்டுல ஒரு அம்மா இல்லாம போக வேண்டியிருந்தது. உங்களுக்கு அப்படி ஆக வேண்டாம்.”