இந்த வருஷம் யார் படம்

மாமா சொன்னது காதில் விழுந்ததும் அவள் டீத்தட்டோடு நடுக்கூடத்தில் அப்படியே நின்றுவிட்டாள். "இந்த வருஷம் நம்ம மாப்பிள்ளை படம். மாப்பிள்ளை, அந்தச் சேர்ல வந்து உக்காருங்க" என்றார் மாமா. நாத்தனாருக்கு நிச்சயம் ஆகி இரண்டு மாதம்கூட முடியவில்லை. அந்த மாப்பிள்ளை வாயெல்லாம் பல்லாக எழுந்து போய், டிவிக்கு நேரெதிரே போட்டிருந்த சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தான். எல்லாரும் கை தட்டினார்கள். அவள் வீட்டுக்காரனும் தட்டினான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. தட்டாமலாவது இருந்து தொலைத்திருக்கலாம்.

கிறிஸ்துமஸ் அன்றைக்குக் குடும்பமாக ஒரு படம் பார்ப்பது மாமா உண்டாக்கிய வழக்கம். காலையில் சர்ச், மதியம் சாப்பாடு, அதற்குப் பிறகு திரைச்சீலைகளை இழுத்து மூடிவிட்டு எல்லாரும் டிவி முன்னால் உட்கார வேண்டும். படம் கிறிஸ்துமஸ் படமாகத்தான் இருக்க வேண்டும். எந்தப் படம் என்பதை அந்த வருஷம் யார் முறையோ அவர் சொல்ல வேண்டும். முறைக்காரருக்கு மாமாவின் சாய்வு நாற்காலி, ரிமோட், கேக்கில் முதல் துண்டு. படம் எவ்வளவு அறுவையாக இருந்தாலும் மற்றவர்கள் மூச்சு விடக் கூடாது. மாமா குடிநீர் வாரியத்தில் இருந்தவர். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் திறப்பது, எந்தத் தெருவுக்கு எப்போது அடைப்பது என்று முறை வைத்தே காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். "முறை வெச்சாத்தான் சண்டை வராது" என்பது அவருடைய வேதவாக்கு. பிள்ளைகள் ரிமோட்டுக்காக ஒருவர் முடியை ஒருவர் பிடித்து இழுத்த வயதில் வைத்த முறை, அந்த முடி நரைக்க ஆரம்பித்தும் மாறவில்லை.

மாமா முறை என்றால் ரயில் படம். பனியில் ரயில் நின்றுபோய், பேர் தெரியாத ஒரு ஸ்டேஷனில் பயணிகள் எல்லாரும் சேர்ந்து கிறிஸ்துமஸ் கொண்டாடும் பழைய கறுப்பு வெள்ளைப் படம். அவர் வேறு படமே சொன்னதில்லை. வீட்டுக்காரன் முறை என்றால் கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் திருடர்கள் வங்கிக்குள் புகுந்து, யார் திருடன் யார் தாத்தா என்று போலீஸ் குழம்பும் படம். நாத்தனார் முறைக்கு, பெரிய கம்பெனி அதிகாரி ஒருத்தி சின்ன ஊருக்கு வந்து பேக்கரிக்காரனைக் காதலிப்பாள். வருஷத்துக்கு வருஷம் அதிகாரியும் பேக்கரியும் மாறுமே தவிர, காதல் மாறாது. மகள் பிறந்து விவரம் தெரிந்ததும் அவளையும் முறையில் சேர்த்தார்கள். பறக்கப் பயப்படும் கலைமான் குட்டியின் கார்ட்டூன் வந்து சேர்ந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நாத்தனார் ஒரு நாய் வாங்கி வந்தபோது, "அதுவும் வீட்டு ஆள்தானே" என்று மாமா அதற்கும் ஒரு முறை கொடுத்தார். இரண்டு ஃபோனில் இரண்டு படத்தின் போஸ்டரை வைத்து, ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு பிஸ்கட் வைத்தார்கள். நாய் இரண்டு பிஸ்கட்டையும் தின்றுவிட்டு ஒரு ஃபோன்மேல் படுத்துக்கொண்டது. அந்தப் படத்தைப் போட்டார்கள். அவளும்தான் வயிறு வலிக்கச் சிரித்தாள். மறுநாள் துணி காயப்போடும்போதுதான் உறைத்தது. நாய்க்குக் கொடுத்தாயிற்று, தனக்கு இன்னும் வரவில்லை.

அவள் அந்த வீட்டுக்கு வந்து பன்னிரண்டு வருஷம். வந்த வருஷம், "புதுப் பொண்ணு, கூச்சமா இருக்கும்" என்றார்கள். அடுத்த வருஷம் வயிற்றில் பிள்ளை. அதற்கடுத்த வருஷம் அவளே வாய் திறந்து கேட்டாள். மாமா தலையைத் தடவாத குறையாகச் சொன்னார்: "உங்க ரெண்டு பேருக்கும் சேத்துத்தானேம்மா அவன் முறை? புருஷன் பொண்டாட்டி ஒண்ணு இல்லையா?" எவ்வளவு அழகான பேச்சு. கேட்கும்போது மாலை போட்ட மாதிரிதான் இருந்தது. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை சிவப்புச் சட்டைத் திருடர்கள் வங்கிக்குள் புகும்போதுதான், அந்த ஒன்றில் தன் பங்கு என்ன என்று அவளுக்குத் தெரிந்தது.

அவள் ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். அதனால் நாத்தனார் வைத்த பேர் எக்ஸ்ரே அண்ணி. நாள் முழுக்க அவள் சொல்வதைத்தான் பிறர் கேட்பார்கள். திரும்புங்க என்றால் திரும்புவார்கள். மூச்சை இழுத்துப் பிடிங்க என்றால் எப்பேர்ப்பட்ட ஆளும் பிடிப்பான், அவள் விடச் சொல்லும்வரை விடமாட்டான். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது அந்த அதிகாரமும் செருப்போடு வாசலிலேயே நின்றுவிடும்.

அவள் மனதிலும் ஒரு படம் இருந்தது. கல்யாணத்துக்கு முந்தைய வருஷம் கிறிஸ்துமஸ் அன்று டியூட்டி. காத்திருக்கும் கூடத்து டிவியில் சத்தத்தை அடைத்துவைத்து ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் அன்றைக்குப் பஸ் ஓட்ட வேண்டிவந்த ஒரு பெண். யாரும் ஏறாத பஸ். ஒரு நிறுத்தத்தில் கேக் பெட்டியோடு ஒரு கிழவர் ஏறுகிறார், இறங்க மாட்டேன் என்கிறார். கை முறிந்த ஒரு பையனுக்குப் படம் எடுத்துவிட்டு வந்து பார்த்தால் பஸ்ஸில் ஏழெட்டுப் பேர். யாரோ ஒருவரின் முழங்காலை எடுத்துவிட்டு வந்தால் பஸ் கடற்கரையில் நிற்கிறது, அந்தப் பெண் மட்டும் தனியாக அழுதுகொண்டிருக்கிறாள். ஏன் அழுதாள், கிழவர் எங்கே போனார், பஸ் கடற்கரைக்கு எதற்கு வந்தது, ஒன்றும் தெரியவில்லை. தனியாக ஃபோனில் தேடிப் பார்த்திருக்கலாம், யாரும் கையைக் கட்டவில்லை. அவளுக்கு அப்படிப் பார்க்க விருப்பமில்லை. தன் முறையில், அந்த நாற்காலியில் உட்கார்ந்து, சத்தத்தோடு, முழுசாக, யாரும் நடுவில் எழுந்து போகாமல் பார்க்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான். அதற்குத்தான் இலவு காத்த கிளியாக இத்தனை வருஷம்.

இந்த வருஷம் வீட்டுக்காரன் முறை. அவன் லிஃப்ட் மெக்கானிக். நடுமாடியில் மாட்டிக்கொண்டவர்களிடம், "அஞ்சே நிமிஷம், பயப்படாதீங்க" என்று வெளியிலிருந்து சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். வீட்டிலும் அதே பாட்டுத்தான். ஆனால் போன மாதம் அவனாகவே சொன்னான்: "இந்த வருஷம் என் முறைய நீ எடுத்துக்கோ. உன் பஸ் படத்தப் பாத்துருவோம்." அவள் அதை நம்பினாள். கிறிஸ்துமஸ் டியூட்டியை மாற்ற, கூட வேலை பார்க்கிறவளிடம் கெஞ்சினாள். பதிலுக்குப் புதுவருஷ டியூட்டியைத் தலையில் போட்டுக்கொண்டாள். படம் எங்கே கிடைக்கிறது என்று பார்த்து வைத்து, அன்று காலையில் சர்ச்சுக்குக் கிளம்பும் முன்பு ஒரு நிமிஷம் ஓடவிட்டுச் சோதித்தும் பார்த்தாள். வெண்ணெய் திரண்டு வந்தாயிற்று. இனி தாழி உடைந்தால் போதும்.

உடைந்தது. அவள் தட்டைக் கீழே வைக்கவில்லை.

"மாமா, இந்த வருஷம் இவர் முறைதானே?"

"ஆமாம்மா. அதான் அவன் விட்டுக்குடுத்துட்டான். காலையிலயே கேட்டேன், சரின்னுட்டான்."

அவள் வீட்டுக்காரனைப் பார்த்தாள். அவன் டிவியைப் பார்த்தான். டிவியை இன்னும் யாரும் போடவே இல்லை.

"அவரும் நானும் ஒண்ணுன்னு சொன்னது நீங்கதான் மாமா. அப்ப விட்டுக்குடுக்கறதுக்கு முன்னாடி என்னையும் கேட்டிருக்கணும்."

மாமா சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை, நிஜமாகவே அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது. "ஒரு படத்துக்கா இவ்வளவு?" என்றார்.

அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. ஒரு படம்தான். அந்த ஒரு படத்துக்குத்தான் நாற்காலி, முதல் துண்டு, சட்டதிட்டம் எல்லாம். இவர்கள் முறை வரும்போது அது குடும்ப வழக்கம், தான் கேட்டால் வெறும் படம். ஆஸ்பத்திரிக் குரல் தானாக வந்தது. அவளே அதை அந்த வீட்டில் அதுவரை கேட்டதில்லை.

"மாப்பிள்ளையும் நம்ம பொண்ணும் ஒண்ணு இல்லையா மாமா? அவ முறையில இவர் பாக்கலாமே?"

"இன்னும் கல்யாணம் ஆகலையேம்மா."

"ஆனதுக்கப்புறம்?"

"அப்புறம்... மாப்பிள்ளையப் போய் எப்படிம்மா..." என்று இழுத்தார் மாமா.

"வர்ற மாப்பிள்ளைக்குத் தனி முறை. வந்த மருமகளுக்குப் பாதி முறை, அதுவும் கண்ணுல காட்ட மாட்டீங்க. நாய்க்குக்கூட ஒரு வருஷம் வந்துச்சு. இத்தனை வருஷமா தெருவுக்குத் தெரு தண்ணி விட்டீங்க மாமா, எங்க தெரு வால்வ மட்டும் யாரு மூடி வெச்சது?"

பத்து வயது மகள் முறுக்கை வாயில் வைத்தபடி கடிக்காமல் அம்மாவைப் பார்த்தாள். "நல்ல நாளும் அதுவுமா ஏன் அண்ணி..." என்று நாத்தனார் ஆரம்பித்தாள். "வேற நாள்ல படம் போட மாட்டீங்களே" என்றாள் அவள். அந்த மாப்பிள்ளைப் பையன் நெருப்பில் உட்கார்ந்தவன் போல எழுந்துவிட்டான். "அக்கா, நீங்க உக்காருங்க. எனக்குத் தெரியாது. சத்தியமா எந்தப் படமா இருந்தாலும் எனக்குச் சரி" என்றான். பாவம், அவன்மேல் அவளுக்கு ஒரு கோபமும் இல்லை. அவன் நாற்காலியின் கைப்பிடியில் வைத்துவிட்டுப் போன ரிமோட்டை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் சமையலறை வாசலிலிருந்து குரல் வந்தது.

"எனக்கும் வந்ததில்ல."

அத்தை. சமையலறை வாசலில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எல்லா வருஷமும் அங்கேதான் உட்காருவாள். அங்கிருந்து பார்த்தால் அலமாரி மறைத்து டிவி பாதிதான் தெரியும். அடுப்பில் எதையாவது பார்த்துவிட்டு வர வசதி என்பாள். இத்தனை வருஷத்தில் மருமகள் அவளை எதிர்க் கட்சியில்தான் சேர்த்து வைத்திருந்தாள். மாமாவுக்கு மந்திரி இவள்தான், மறைந்திருந்து சாவி கொடுப்பவள் இவள்தான் என்று எத்தனையோ நாள் மனதுக்குள் திட்டியிருக்கிறாள். இப்போது அத்தையின் முகத்தில் கோபம்கூட இல்லை. யாரோ கேட்ட கணக்குக்கு விரல்விட்டுப் பார்த்து, அட ஆமாம் என்று தானே ஆச்சரியப்பட்ட மாதிரி இருந்தது.

"உனக்கெதுக்கு தனியா? என் முறைதானே உன் முறை?" என்றார் மாமா. "உனக்குப் பிடிக்கும்னுதானே ஒவ்வொரு தடவையும் ரயில் படம் போடறேன்?"

"எனக்கு அந்தப் படம் பிடிக்காது."

"என்னது?"

"ஆரம்பத்துலேர்ந்தே பிடிக்காது. அந்த ஸ்டேஷன் மாஸ்டரப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். கைக்குழந்தைக்காரிய வெளிய பனியில நிக்க வெச்சுட்டு, உள்ள நின்னு நீளமா பேசிக்கிட்டே இருப்பான். எல்லாரும் அழுவீங்க. எனக்கு அவன நாலு அறை விடணும்னு இருக்கும்."

இருபத்தெட்டு வருஷமாக அந்த ஸ்டேஷன் மாஸ்டரின் பேச்சு வரும்போதெல்லாம் மாமா அத்தையைத் திரும்பிப் பார்த்து, 'பாத்தியா' என்பது போலத் தலையாட்டுவார். அத்தையும் தலையாட்டுவாள். மருமகளே அதைப் பார்த்திருக்கிறாள், பொறாமைகூடப் பட்டிருக்கிறாள்.

வீட்டுக்காரனுக்கு இப்போதுதான் நாக்கு வந்தது. "சரி, நீயே உக்காரு. உன் படத்தப் போடு" என்றான் அவளிடம், அவன் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பது போல. அவள் தட்டை மேஜைமேல் வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பன்னிரண்டு வருஷம் காத்திருந்த நாற்காலி காலியாக இருந்தது. நாலு எட்டில் போய்விடலாம். அவள் திரும்புவதற்குள் அத்தை முக்காலியிலிருந்து எழுந்து, மாமாவைச் சுற்றிக்கொண்டு வந்து, அதில் உட்கார்ந்துவிட்டாள்.

யாரையும் கேட்கவில்லை. மருமகளையும் கேட்கவில்லை. முதுகைச் சாய்த்தாள், பழக்கமில்லாததால் நாற்காலி சட்டென்று பின்னால் போய்விட, கைப்பிடியைப் பிடித்துச் சமாளித்துக்கொண்டாள். பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

மருமகளுக்கு அழுகையே வரும் போலிருந்தது. சண்டை போட்டது யார், உட்கார்ந்தது யார்? வாயைக் கொடுத்துக் கெட்ட பேர் வாங்கிக்கொண்டது ஒருத்தி, நோகாமல் வந்து அமர்ந்தது இன்னொருத்தி. இதையும் கேட்டுவிட வேண்டும் என்று நாக்கு நுனிவரை வந்தது. அத்தையின் இருபத்தெட்டில் தன் பன்னிரண்டைக் கழித்தால் எவ்வளவு என்று மனது பாழாய்ப்போன கணக்கைப் போட்டுப் பார்த்தது. கேட்கவில்லை. ஆனால் கோபம் ஒரு துளிகூட இறங்கவில்லை. தனக்காக மட்டும் இருந்த கோபம் இப்போது இரண்டு பேருக்கானதாகிக் கனத்தது.

"இதுல எப்படிம்மா தள்றது?" என்று அத்தை ரிமோட்டை அவளிடம் நீட்டினாள்.

அவள் குனிந்து பட்டனைக் காட்டினாள். "இத அமுக்கினா அடுத்தது வரும்." பிறகு அத்தைக்கு மட்டும் கேட்கும்படி இல்லாமல், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "இதுக்கடுத்து என் முறை அத்தை."

"யாரு இல்லேன்னா?" என்றாள் அத்தை, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போஸ்டர்கள் ஒவ்வொன்றாக வந்தன. பனியில் நின்ற ரயில் வந்தது. "வேண்டாம்" என்றாள் அத்தை. சிவப்புச் சட்டைக்காரர்கள் வந்தார்கள். அவர்களும் வேண்டாம். ஒரு பேக்கரி, இன்னொரு பேக்கரி, கலைமான் குட்டி. ஒவ்வொன்றையும் கிட்டத்தில் குனிந்து, பேரை எழுத்துக் கூட்டிப் படித்து, கொஞ்சம் யோசித்துத்தான் தள்ளினாள். டீ ஏடு கட்டிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

"ஏதாவது ஒண்ணப் போடேன். இப்படியே இருட்டிடும்" என்றார் மாமா.

"இருங்க. எனக்கு எது பிடிக்கும்னு பாக்க வேண்டாமா?"

மூடிய திரைச்சீலை இருட்டில் அத்தையின் முகத்தின்மேல் ஒரு போஸ்டரின் சிவப்பு விழுந்தது, அடுத்ததன் பச்சை விழுந்தது. மருமகள் நாற்காலிக்குப் பின்னால் சாய்மானத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கட்டைவிரல் மறுபடி அமுக்கியது. அத்தை தலையைச் சாய்த்து, அவசரமே இல்லாமல், படத்தை மேலும் கீழும் பார்த்தாள்.

"இதுவும் வேண்டாம்" என்றாள்.