குடும்பத்தில் யாருக்காவது

அன்று ரத்தம் தருவதாகச் சொன்னவர் வரவில்லை. ரத்தக்கொதிப்பு நோயாளிகளோடு ஒப்பிட, அது இல்லாத ஒருவருடைய ரத்தம் அவளுடைய ஆராய்ச்சிக்கு வேண்டும். ஆய்வுக்கூடத்தில் அவளைத் தவிர யாருமில்லை, பெரும்பாலும் இருப்பதுமில்லை. பக்கத்து அறை நர்சிடம் போய்த் தன் கையையே நீட்டினாள்.

வேலை பழகியதுதான். சிவப்பணுக்களைப் பிரித்து, அலசி, உள்ளே லித்தியத்தை ஏற்றி, சோடியக் கரைசலில் விட வேண்டும். அணுவின் சவ்வு வழியாகச் சோடியம் உள்ளே போகப் போக, லித்தியம் வெளியே வரும். ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் சிலருக்கு இந்த இடமாற்றம் வேகமாக நடக்கும். குடும்பம் குடும்பமாக வருகிற குணம்.

அவளுடையது அந்த நோயாளிகளின் வேகத்தையே தாண்டியிருந்தது. கருவிமேல் பழியைப் போட்டு மறுபடி செய்தாள். அதே கதை.

மாடிக்குப் போய் டாக்டரிடம் சொன்னாள்.

"இதை மட்டும் வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. பிரஷர் பாத்துடலாம்," என்றார். பார்த்தார். பட்டையை அவிழ்த்து, அடுத்த கையில் சுற்றி மறுபடி பார்த்தார். "நல்லாவே ஏறியிருக்கு. வீட்ல யாருக்காவது உண்டா?"

வருகிற எல்லோரிடமும் அவள் கேட்கும் கேள்வி. தன் வீட்டைப் பற்றிப் பதில் தெரியவில்லை.

கேட்க இருந்தது அக்கா ஒருத்திதான். அம்மா போன பிறகு பேச்சு தேய்ந்துபோயிருந்தது. சண்டை என்று ஒன்றும் இல்லை. போன் வெகுநேரம் அடித்தபின் அக்கா எடுத்தாள்.

"என்னடி, யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எனக்கு பிரஷர்னு மாத்திரை எழுதிக் குடுத்திருக்காங்க. அம்மாவுக்கு இருந்துச்சாக்கா?"

"இருந்துச்சு. எனக்கும் இருக்கு. மாத்திரையிலதான் ஓடுது."

"என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீ ஊர்ப்பட்ட பேரைக் கேக்கற. எங்களைக் கேட்டியா?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

"உன் ஆராய்ச்சிக்கு என் ரத்தம் வேணுமா?"

"வேணாம்க்கா. சும்மா ஒரு தடவை வா."

"முட்டி வலி. பாக்கலாம்," என்றாள்.

வரவில்லை. ஆனால் மறுநாள் காலை போன் அடித்தது. "மாத்திரை போட்டியா?"

"போட்டேன்."

"சரி." வைத்துவிட்டாள்.

அதன்பிறகு தினமும் அவ்வளவுதான் பேச்சு. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் அவள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு, அக்கா கேட்கும்போது "இன்னும் இல்லக்கா" என்று சொல்வதற்காகப் போடாமல் காத்திருப்பாள்.