லிஸ்ட்டில் நின்றுபோன கடிதம்

எங்கள் லிஸ்ட்டுக்கு ‘எட்டு பன்னிரண்டு’ என்று பெயர். காலை எட்டு பன்னிரண்டுக்குத் தாம்பரத்தில் கிளம்பி பீச் வரை போகும் லோக்கலில், மூன்றாவது பெட்டியில், வருஷக்கணக்காகச் சேர்ந்து போய்வந்தவர்கள் நாங்கள். 2001இல் நான்தான் அதை ஆரம்பித்தேன். ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரி. அதற்கு யார் எழுதினாலும் பெட்டியிலிருந்த எல்லாருக்கும் போய்ச்சேரும். இப்போது வாட்ஸப் வைத்திருக்கிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், எனக்கென்ன.

அந்தக் காலத்தில் அது எங்களுக்கு இரண்டாவது ரயில் மாதிரி. காலையில் பாதியில் விட்ட பேச்சை மத்தியானம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தொடருவோம். யார் வீட்டுப் பெண்ணுக்கு எங்கே வரன், கிண்டியில் எந்த டாக்டர் கைராசிக்காரர், ஆயுத பூஜைக்குப் பெட்டியை அலங்கரிக்க யார் வாழைக்கன்று கொண்டுவருவது, எல்லாம் அதில்தான். நூற்று நாற்பது பேர் இருந்தோம். இப்போது அறுபத்தொரு பேர். அதிலும் மாதத்துக்கு நாலு கடிதம் வந்தால் அதிகம்.

போன மாதம் ஹோஸ்டிங் கம்பெனிக்காரன் சர்வரை மாற்றினான். பழைய லிஸ்ட் மென்பொருள் போய்ப் புதுசு வந்தது. நான் ஆபீஸில் கணினிப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவள், அறுபத்தைந்து வயதானாலும் இதற்கெல்லாம் யாரையும் கூப்பிட மாட்டேன். நானே உட்கார்ந்து விலாசங்களைச் சரிபார்த்து, ‘புது வீட்டுக்கு வந்துவிட்டோம்’ என்று எல்லாருக்கும் ஒரு கடிதம் போட்டேன். அது பாதிப் பேருக்கு ஸ்பாமில் போய் விழுந்தது. பெருங்களத்தூரிலிருந்து கிட்டு சார் போன் செய்தார். எங்கள் லிஸ்ட்டிலேயே மூத்தவர், எண்பத்தொரு வயது.

“ஏம்மா ஞானம், லிஸ்ட் இருக்கா, போயிடுச்சா? ஒரு வாரமா ஒண்ணும் வரலியே.”

“இருக்கு சார். ஸ்பாம்ல பாருங்க.”

“அதை எங்கம்மா பாக்கறது?”

அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்து முடிப்பதற்குள் என் குக்கர் ஐந்து விசில் அடித்துவிட்டது. எரிச்சலோடு வந்து மறுபடி கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தேன். புது மென்பொருளின் முதல் பக்கத்திலேயே சிவப்பில் ஒரு எண் இருந்தது. மாடரேட்டரின் ஒப்புதலுக்காக நிறுத்திவைக்கப்பட்ட கடிதங்கள், இரண்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம். லிஸ்ட்டை நிர்வகிக்கும் மாடரேட்டர் நான்தான்.

எனக்கு அது ஆச்சரியமில்லை. லிஸ்ட்டில் இல்லாதவன் எழுதினாலோ, கடிதம் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தாலோ மென்பொருள் அதை நிறுத்திவைத்துவிடும். நிறுத்தப்பட்டதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது மாத்திரை விற்பவனும் லாட்டரி அடித்ததாகச் சொல்பவனும்தான். அந்தக் குப்பைக்குப் பயந்து நான் அந்தப் பக்கத்தைத் திறப்பதே கிடையாது. யாராவது போன் செய்து ‘என் மெயில் வரலியே’ என்று கேட்டால் தேடி எடுத்து அனுப்புவேன். புது சர்வர், பழைய குப்பையையும் விசுவாசமாகத் தூக்கிக்கொண்டு வந்திருந்தது.

பக்கத்துக்கு ஐம்பதாகத் தேர்ந்தெடுத்து அழித்துக்கொண்டே போனேன். முப்பதாவது பக்கமோ என்னவோ. அழிக்கிற பொத்தான்மேல் கையை வைத்துவிட்டேன். அந்த ஐம்பதுக்கு நடுவில் கிறிஸ்டி என்ற பெயர் இருந்தது.

பெயரைப் பார்த்ததும் வந்தது கோபம்தான், பொய் சொல்வானேன். கிறிஸ்டி பல்லாவரத்தில் ஏறுவாள். தாம்பரத்தில் ஏறும் நான் என் கைப்பையை ஜன்னலோர ஸீட்டில் வைத்து அவளுக்கு இடம் பிடிப்பேன். அதற்காக எத்தனை பேரிடம் சண்டை போட்டிருப்பேன். எழும்பூரில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை அவளுக்கு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அம்மாவோடு இருந்தாள். பதினொரு வருஷம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போனோம். 2008 ஜூனில் என் வீட்டுக்காரர் ரங்கன் தூக்கத்திலேயே போய்விட்டார். அவருக்கு ஐம்பத்தொரு வயது. லிஸ்ட்டில் முப்பத்தெட்டுப் பேர் துக்கம் கேட்டு எழுதினார்கள். அதை எல்லாம் அச்செடுத்து வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். ரங்கனை ஒருமுறைகூடப் பார்க்காதவர்கள்கூட எழுதியிருந்தார்கள். கிறிஸ்டி எழுதவில்லை, போனும் செய்யவில்லை. அவள் அம்மாவுக்கு ஆபரேஷன் என்று திருச்சியில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள் என்று தெரியும். இருந்தால் என்ன, ஒரு வரி எழுத முடியாதா என்று கறுவிக்கொண்டேன். இரண்டு மாத லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாளே நான்காவது பெட்டியில் ஏறினேன். ரிட்டையர் ஆகும்வரை அதே நான்காவது பெட்டிதான்.

இப்போது பெயருக்கு எதிரே தேதி இருந்தது. 2008 ஜூன் 19. ரங்கன் போய் மூன்றாம் நாள். நிறுத்திவைத்த காரணமும் இருந்தது: கடிதத்தின் அளவு நானூற்றுப் பன்னிரண்டு கேபி, அனுமதி நாற்பது கேபி. அந்த நாற்பது கேபி சட்டம் நான் போட்டது. டயல்-அப் காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் பேரன் படங்களாக அனுப்பி எல்லார் லைனையும் அடைத்ததால், பெரிய சட்டாம்பிள்ளை மாதிரி போட்டேன். இந்த மாதிரி ஒரு கடிதம் நிற்கிறது என்று எனக்கு வரும் அறிவிப்பு அப்போது என் ஆபீஸ் முகவரிக்கு வரும். நான் லீவில் இருந்த இரண்டு மாதத்தில் அந்த மெயில்பெட்டி நிரம்பி வழிந்து, யாரோ மொத்தமாகத் துடைத்திருந்தார்கள்.

கடிதத்தைத் திறந்தேன். ஆங்கில எழுத்தில் தமிழ், அப்போது நாங்கள் அப்படித்தான் எழுதுவோம்.

‘ஞானம், உனக்கு போன் பண்ண கை வரல. திருச்சியில ஆஸ்பத்திரிக்கு எதிர்ல பிரவுசிங் சென்டர்ல உக்காந்து எழுதறேன். உன் தனி மெயில் அட்ரஸ் கைவசம் இல்ல, அதான் லிஸ்ட்டுக்கு. மூணு வருஷம் முன்னாடி பெரிய மழையில சாயந்திரம் வண்டி பல்லாவரத்தோட நின்னுடுச்சே, ஞாபகம் இருக்கா. நீ இறங்கி ஜி.எஸ்.டி. ரோட்ல பஸ் புடிச்சுப் போயிட்ட. எங்க தெரு பூரா தண்ணி, நான் ஸ்டேஷன்லயே நின்னுட்டேன். ஏழு மணி இருக்கும், ரங்கன் சார் தண்டவாளத்தோட நடந்து வர்றார். பல்லாவரத்துக்கு இப்பால வண்டி வராதுன்னு தாம்பரத்துல மைக்ல சொன்னாங்களாம், அங்கேருந்து நடந்தே வந்திருக்கார். கையில ஒரு குடை, உன் நீல ரப்பர் செருப்பு. ஞானம் ஹீல்ஸ் போட்டுக்கிட்டுப் போனா, தண்ணியில நடக்க முடியாதுன்னார். நீ பஸ்ல போயிட்டன்னு சொன்னேன். சிரிச்சார். அந்தச் செருப்பை என்னைப் போட்டுக்கச் சொல்லி வீடு வரைக்கும் கொண்டாந்து விட்டார். அம்மா குடுத்த சுக்குக் காபியைக் குடிச்சிட்டுத் திரும்ப நடந்தே போனார். ஞானத்துக்கிட்ட சொல்லாதீங்க, நான் வீணா அலைஞ்சேன்னு வருத்தப்படுவான்னார். இனிமே சொன்னா தப்பில்லன்னு சொல்றேன். அப்படி ஒரு மனுஷனை எங்கம்மா தினம் ஜெபத்துல நினைச்சுக்கிட்டாங்க. ஆயுத பூஜை அன்னிக்கு எடுத்த போட்டோ ஒண்ணு சேர்த்திருக்கேன். உன்கிட்ட இருக்கோ இல்லையோ.’

போட்டோவில் ரங்கன் தாம்பரம் பிளாட்பாரத்தில் நின்று ரயில் ஜன்னல் வழியாக வாழைக்கன்றை நீட்டிக்கொண்டிருக்கிறார். என்னிடம் அது இல்லை.

அந்த மழை நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் பஸ்ஸில் தெற்கே போயிருக்கிறேன், அவர் பக்கத்திலேயே தண்டவாளத்தில் வடக்கே வந்திருக்கிறார். நான் வந்து இரண்டு மணி நேரம் கழித்துத் தொப்பலாக நனைந்து வீட்டுக்குள் வந்தவரை, ‘பெண்டாட்டி வந்தாளா செத்தாளான்னு பார்க்காம எவனோட சீட்டாடப் போனீங்க’ என்று கேட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. நீலச் செருப்பைக் காணோம் என்று வீட்டு வேலைக்கு வந்த எல்லம்மாவைக்கூடச் சந்தேகப்பட்டேன். அந்த மனுஷர் வாயைத் திறக்கவே இல்லை.

அதைவிட இன்னொன்று என்னை உறுத்தியது. கடிதம் நின்றதும் எழுதினவருக்கு மென்பொருள் தானாக ஒரு பதில் அனுப்பும். ‘உங்கள் கடிதம் மாடரேட்டரின் ஒப்புதலுக்காக நிறுத்திவைக்கப்பட்டுள்ளது. அவருடைய முடிவு உங்களுக்குத் தெரிவிக்கப்படும்.’ அது கிறிஸ்டிக்குப் போயிருக்கும். அவள் என் முடிவுக்காகக் காத்திருந்திருப்பாள்.

கிட்டு சாருக்குப் போன் போட்டேன். “கிறிஸ்டி இப்ப எங்க சார் இருக்கா?”

“அதே வீடுதாம்மா. அவ அம்மா காலமாகி நாலு வருஷமாச்சு, லிஸ்ட்ல போட வேணாம்னுட்டா. உனக்குத் தெரியாதா?”

தெரியாது. தாம்பரம் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம். மூன்றாவது ஸ்டேஷன், பத்து நிமிஷம். அவள் அம்மா போனதுகூட எனக்குத் தெரியாது.

உடனே கிளம்பிப் போனேன். அன்று வெள்ளிக்கிழமை. பல்லாவரத்தில் சந்தைக் கூட்டம். பழைய மிக்ஸி, செடித் தொட்டி, கோழிக்கூண்டு எல்லாம் தாண்டிப் போவதற்குள் உயிர் போய்விட்டது. வழி மறந்துபோய் ஒரு தொட்டிக்காரரிடம் கேட்டேன்.

“இன்னாம்மா, சர்ச்சு தெருவா? தாண்டி வந்துகினே கீறியே. திரும்பிப் போ” என்றார்.

கதவைக் கிறிஸ்டிதான் திறந்தாள். தலை முழுக்க வெளுத்திருந்தது. என்னைப் பார்த்தாள். வா என்று சொல்லவில்லை.

“என்ன விஷயம்?”

“உன் லெட்டர் இன்னிக்குத்தான் கிடைச்சுது.”

“எந்த லெட்டர்?”

“அவர் போனப்ப நீ எழுதினது.”

கதவிலிருந்து கையை எடுக்காமல் நின்றாள். “பதினேழு வருஷம் கழிச்சு சண்டை போட வந்திருக்கியா?”

“சண்டையா? நான் எதுக்குடி சண்டை போடணும்?”

“தெரியாத மாதிரி கேக்காத ஞானம். மழையில உன் வீட்டுக்காரர் என்னோட நடந்து வந்தார், எங்க வீட்ல காபி குடிச்சார், உன்கிட்ட சொல்ல வேணாம்னார்னு அறிவில்லாம எழுதித் தொலைச்சேன். நீ அதை லிஸ்ட்ல விடல. முடிவு சொல்றோம்னு ஒரு மெயில் வந்துச்சு. திருச்சியில தினம் அந்த பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் பார்த்தேன். ஊருக்கு வந்தா நீ வேற பெட்டியில ஏறுற. உன் முடிவு என்னன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.”

அவள் ஏன் எழுதவில்லை என்று நான் பதினேழு வருஷம் கோபப்பட்டேன். அவளோ, நான் அவளைச் சந்தேகப்பட்டேன் என்று நினைத்துக் குறுகிப்போய் இருந்திருக்கிறாள்.

“நான் படிக்கவே இல்லைடி. போட்டோ வெச்சிருந்தியே, அதனால சைஸ் ஜாஸ்தி. மெஷின் நிறுத்தி வெச்சிருக்கு. நான் பார்க்கல. நீ ஒரு வரிகூட எழுதலன்னுதான் கோவம். சத்தியமா அதான்.”

“மெஷினா?”

“மெஷின்தான். ஆனா ரூல் போட்டது நான். அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்காததும் நான். தப்பு என்னுது.”

அவள் கதவிலிருந்து கையை எடுத்தாள். கண் சிவந்துவிட்டது. “அம்மா சாகற வரைக்கும் கேட்டாங்க, ஞானம் ஏன் வர்றதே இல்லன்னு. நான் என்னத்தைச் சொல்றது?” என்றாள்.

“ஒரு போன் பண்ணி என்னைத் திட்டியிருக்கலாமேடி.”

“உன்னையா? உன் வாய்க்கு யார் பதில் சொல்றது?” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. நானும் பின்னாலேயே போய் உட்கார்ந்தேன். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். போனில் கடிதத்தைத் திறந்து அவளிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தான் எழுதியதை யாரோ எழுதியது போல் நிதானமாகப் படித்தாள்.

“இப்ப லிஸ்ட்டுக்கு அனுப்பட்டுமா? எல்லாருக்கும் தெரியட்டும்” என்று கேட்டேன்.

“ஊருக்கு எதுக்கு? உனக்கு எழுதினது. நீ படிச்சாச்சு.”

சரி என்றேன். போகலாம் என்று எழப் பார்த்தேன், ஆனால் மனசு வரவில்லை. ரங்கன் போனதிலிருந்து அவரைப் பற்றிப் புதிதாக ஒரு சொல் எனக்குக் கிடைத்ததில்லை. இருக்கிற நினைவையே திருப்பித் திருப்பிப் போட்டுத் தேய்த்துவிட்டேன். அவருடைய வாழ்க்கையில் எனக்குத் தெரியாத ஒரு சாயந்திரம், அது முழுசாக இவளிடம் இருக்கிறது. கேட்க வெட்கமாக இருந்தாலும் கேட்டேன்.

“ஸ்டேஷன்லேருந்து இங்க வர்ற வரைக்கும் என்ன பேசினார்?”

கிறிஸ்டி முதன்முறையாகச் சிரித்தாள். “உன்னைத்தான் திட்டிக்கிட்டு வந்தார். அந்த ஹீல்ஸ் வேணாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டாளான்னு. அப்புறம், இந்நேரம் எங்க நின்னு எவனைத் திட்டிக்கிட்டு இருக்காளோன்னார்.”

அந்த நேரத்தில் நான் குரோம்பேட்டை பக்கத்தில் பஸ் கண்டக்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

“அப்புறம்?” என்றேன்.

அவள் நாற்காலியை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “இரு, ஞாபகப்படுத்திக்கறேன். சப்வேகிட்ட வந்ததும் நின்னுட்டார்...” என்று ஆரம்பித்தாள்.