குழந்தைகள்: இல்லை

கௌதமை எனக்கு முதல் வருஷத்திலிருந்தே பிடிக்காது. குற்றவியல் படிக்க ஏன் வந்தாய் என்று கேட்டால், "இன்ட்ரஸ்டிங்கா இருக்கும்னு தோணுச்சு" என்பான். எனக்கு அப்படி எந்த இன்ட்ரஸ்டும் இருக்கவில்லை. எங்கள் வீட்டுக் கதவைப் போலீஸ் எந்தச் சட்டப்படி தட்டியது என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தேன். அதை இந்த வகுப்பில் யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் ஏரியாவான பாடியில் பேசுகிற பேச்சைக்கூட, கல்லூரி இருக்கிற வேலப்பன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே விழுங்கிவிடுவேன்.

மூன்றாம் வருஷத்தில் ஆளுக்கொரு கேஸ் ஸ்டடி செய்ய வேண்டும். தண்டனை முடிந்து வந்த ஒருவரைச் சந்தித்து, பெயரை மறைத்து, இருபது கேள்விகள் உள்ள படிவத்தை நிரப்ப வேண்டும். அவர் மறுபடி குற்றம் செய்வாரா என்பதற்கு மதிப்பெண். பன்னிரண்டைத் தாண்டினால் ஆபத்தான ஆள். அதை வகுப்பில் சொல்ல வேண்டிய அன்று, பாடம் எடுக்கிற சுலோசனா மேடம் விருந்தினராக இன்ஸ்பெக்டர் பாண்டியனை அழைத்திருந்தார். முதல் ஆளாகக் கௌதம் எழுந்தான். எப்போதும் அவன்தானே.

"திரு. எக்ஸ். வயசு ஐம்பத்தொண்ணு. பழைய பேக்டரிகள்ல காப்பர் கம்பி திருட்டு, மூணு கேஸ். ஒரு அடிதடி. நாலு வருஷம் ஜெயில். இப்போ எங்க அபார்ட்மெண்ட்ல கார் துடைக்கிறார்."

என் பேனா நின்றது. கம்பி திருடியவர்கள் பாடியில் ஆயிரம் பேர் இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதற்குள் அவன் செல்போனில் பதிந்து வந்த பேச்சை ஓடவிட்டு மைக் அருகே வைத்துவிட்டான்.

"இன்னா தம்பி கேக்குற? நமக்கு ஆரும் இல்ல. பொஞ்சாதி போய்ச் சேந்துட்டா. கொயந்த குட்டி ஒண்ணியும் கெடையாது. நான் ஒருத்தன்தான் கீறேன்."

நடுவில் ஒரு செருமல் கேட்டது. எங்கள் வீட்டில் தினமும் காலை நாலரை மணிக்கு என்னை எழுப்புகிற செருமல் அது.

கௌதம் போர்டில் எழுதினான். குழந்தைகள்: இல்லை. குடும்பப் பிணைப்பு இல்லாததற்கு மூன்று மதிப்பெண். கூட்டினால் பதிமூன்று. அந்தப் பதிமூன்றைச் சுற்றிச் சிவப்பு மார்க்கரில் ஒரு வட்டம் போட்டான். அந்தக் கையை ஒடிக்கலாம் போலிருந்தது.

இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார். "நல்லா பண்ணியிருக்க தம்பி. இந்த மாதிரி ஆளு உள்ள வந்து போறது அசோசியேஷனுக்குத் தெரியணும். எந்த அபார்ட்மெண்ட்?"

தெரிந்தால் அன்றைக்கே கேட்டுக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். ஒன்பது வருஷமாக ஒரு கேஸும் இல்லாமல் இருபத்திரண்டு காரைத் துடைக்கிறவரை, இவன் போட்ட வட்டத்துக்காக.

"அது தப்பு" என்றேன். எழுந்து நின்றது அதற்கப்புறம்தான் எனக்கே தெரிந்தது. "அவருக்கு ஒரு பொண்ணு இருக்கு."

கௌதம் சிரித்தான். "அகல்யா, அவர் வாயாலயே சொன்னதுதான். நீயும் கேட்டல்ல?"

"அது பொய்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அந்தப் பொண்ணு நான்தான்டா! இன்னா இப்போ?"

மூன்று வருஷம் விழுங்கி வைத்திருந்த பாடிப் பேச்சு மொத்தமும் வாய்வழியே வந்துவிட்டது. நாற்பது தலைகள் திரும்பின. சுலோசனா மேடம், "உக்காரும்மா" என்றார். நான் உட்காரவில்லை.

கௌதமின் முகம் வெளுத்தது. ஆனால் விடவில்லை. "அப்போ அவர் ஏன் இல்லைனு சொல்லணும்?"

ஏனென்றால் அப்படிச் சொல்லச் சொன்னது நான். கல்லூரி திறந்த முதல் நாள், துவைத்த சட்டை போட்டுக்கொண்டு என்னைக் கொண்டுவிடக் கிளம்பினார். பாடி பஸ் ஸ்டாப்பில் அவரை நிறுத்தி, "காலேஜ் பக்கம் வராத. ஆருனா கேட்டா பொண்ணே இல்லன்னு சொல்லிடு" என்றேன். "சரிம்மா" என்று அப்படியே திரும்பிப் போனார். அன்றிலிருந்து எங்கள் பேச்சு, சோறு இருக்கிறது, சிலிண்டர் தீர்ந்துவிட்டது என்கிற அளவில் நிற்கிறது. ஜெயிலுக்குப் போனதற்காக அவர்மேல் எனக்கு இருந்த கோபம் ஒருநாளும் குறைந்ததில்லை. அதை மறைக்கவும் மாட்டேன்.

"நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன்" என்றேன்.

மேடம் தணிந்த குரலில், "மூணைக் கழிச்சிடு கௌதம்" என்றார்.

அவன் படிவத்தைப் பார்த்தான். "கழிக்கலாம் மேம். ஆனா அடுத்த கேள்வி இருக்கு. குடும்பம் இருந்தும் ஒதுக்கி வச்சிருந்தா, அதுக்கும் மூணுதான். அதே பதிமூணு."

அவனைக் கொன்றிருப்பேன். அவன் சொன்னது சரி என்பதால் இன்னும் ஆத்திரமாக வந்தது.

"ஒதுக்கல" என்று போனை எடுத்தேன். நாகப்பன் என்றுதான் பதிந்து வைத்திருக்கிறேன், அப்பா என்று அல்ல. ஸ்பீக்கரில் போட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் பக்கெட்டில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

"அப்பா, நான் அகல்யா. காலேஜ்ல இருந்து பேசறேன். ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், எல்லாரும் கேட்டுகினு இருக்காங்க."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அப்புறம் ஒரு செருமல்.

"ராங் நம்பர்மா" என்றார் அப்பா. "எனக்குப் பொண்ணே இல்ல." வைத்துவிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஒருவனையாவது அறைந்திருப்பேன். அழுகை வந்தது. அதைத் துடைக்கவும் எனக்கு மனமில்லை.

"கேட்டியா?" என்றேன் கௌதமிடம். "நான் சொன்ன சொல்ல மூணு வருஷமா தட்டல அந்த ஆளு. நானே கூப்ட்டும் தட்டல. இத எந்தக் கட்டத்துல எழுதுவ? எழுது பாப்போம்."

அவன் மார்க்கரை மூடினான். மேடம் வந்து பதிமூன்றை அழித்தார். வட்டம் மட்டும் பாதி அழியாமல் நின்றது.

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடவில்லை. "அதெல்லாம் சரி. எந்த அபார்ட்மெண்ட்னு கேட்டேனே தம்பி?"

"பேரை மறைக்கணும்னு ரூல் சார். சொல்ல முடியாது" என்றான் கௌதம், என்னைப் பார்க்காமல்.

அதற்காக அவனை நான் மன்னித்துவிடவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பாடி பஸ்ஸுக்கு நின்றேன். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்த ஆளிடம் சண்டை போட வேண்டும். மூன்று வருஷச் சண்டை பாக்கி இருக்கிறது.