இரண்டாவது சட்டி

பழைய ஏட்டைப் பார்த்துச் சமைத்த எதையும் வாயில் போட்டுக்கொண்டவர், அது நன்றாயில்லை என்று சொல்லக் கூடாது. அமெரிக்காவின் டொலீடோ நகரத்துத் தேவாலயம் ஒன்றின் அடித்தளக் கூடத்தில், ஆண்டுதோறும் மார்ச் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் இடைக்கால ஐரோப்பியராக வேடமிடும் சங்கத்தார் நடத்துகிற பழங்கலைப் பள்ளியில் அத்தனை பேரும் கட்டுப்பட்டிருந்த விதி இது. சுவரில் ஒட்டியிருந்த விதிகள் வேறு: தரைவிரிப்பில் மெழுகு சிந்தக் கூடாது, வாளோடு கழிப்பறைக்குள் போகக் கூடாது, பாதிரியாரின் இடத்தில் காரை நிறுத்தக் கூடாது. அந்த மூன்றையும் எல்லோரும் மீறினார்கள். எங்கும் எழுதப்படாத இந்த ஒன்றை மட்டும் எவரும் மீறியதில்லை.

விதிக்கு நியாயமும் இருந்தது. அறுநூறு ஆண்டுக்கு முந்தைய சமையல் ஏடு அளவு சொல்வதில்லை. மீன் எடு, கிராம்பு எடு, போதுமட்டும் போடு என்று நாலு வரியில் முடித்துக்கொள்ளும். எவ்வளவு போதும் என்று கண்டுபிடிப்பதற்காக ஒருவர் குளிர்காலம் முழுக்கத் தன் வீட்டாரை வதைத்திருப்பார். அப்படிப்பட்டவர் கரண்டியும் கையுமாக ஆவலோடு முகத்தைப் பார்த்து நிற்கும்போது என்ன சொல்வது? அதனால் எல்லோரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள்: “சுவாரஸ்யமா இருக்கு.” விருந்து முடிந்த கையோடு, வீரர்களும் சீமாட்டிகளும் அங்கிகளைத் தூக்கிப் பிடித்தபடி சாலையைக் கடந்து, எதிரே இருந்த பர்கர் கடையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வரிசையில் நின்றார்கள். கடைக்காரப் பெண் கவசம் அணிந்தவர்களிடம்கூட வெங்காயம் வேண்டுமா என்று மட்டும்தான் கேட்பாள்.

அந்த வரிசையில் பெட்ரோனில்லாவும் நின்றிருக்கிறாள். வாரநாள்களில் அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற டோரீன். கூடத்துக்குள் கால்வைத்துவிட்டால், பதினான்காம் நூற்றாண்டுக் கம்பளி வணிகர் ஒருவரின் மனைவி பெட்ரோனில்லா. இங்கே வரத் தொடங்கிப் பதினோரு ஆண்டுகள் கழித்து, இம்முறைதான் விருந்துச் சமையல் அவள் கைக்கு வந்திருந்தது. அதற்கு முன் எட்டு ஆண்டுகள் சமைத்தவர் கெரோல்ட். வெளியே கூரை வேய்கிற தொழில். முழங்கால் மக்கர் செய்ததால் சமையலை விட்டவர். அவருடைய விலாங்குமீன் ஜெல்லிக்குக் கூடம் எழுந்து நின்று கைதட்டியது. அன்று பர்கர் கடையில் ரொட்டி தீர்ந்துபோனது.

பெட்ரோனில்லாவின் ஆசை ஒன்றே ஒன்றுதான்: இன்று மாலை உண்ணப்போகும் எண்பது பேரில் ஒருவர்கூடச் சாலையைக் கடக்கக் கூடாது.

தவக்காலத்து விருந்து என்பதால் இறைச்சியும் பாலும் கிடையாது. உப்பு மீனை ஊறவைத்து, பாதாம் பாலில் பேரிக்காய், பேரீச்சம்பழம், இஞ்சி, பட்டை சேர்த்துக் கொதிக்கவிட்டு, இறக்கும்போது பன்னீர் தெளிக்கிற ஒரு பண்டத்தை அவள் தேர்ந்திருந்தாள். அது பிடிக்காது என்று தெரிந்தால், பட்டாணிக் கஞ்சியும் ரொட்டியும் கைவசம் இருந்தன. இரண்டில் எது என்று சமையலறைக்கு இரண்டு மணிக்குள் சொல்லியாக வேண்டும். பத்தொன்பது முறை சமைத்துப் பார்த்ததில் அவள் நாக்கு மரத்துவிட்டது. கணவனோ இரும்பு வளையம் கோத்துக் கவசம் பின்னுகிறவன். வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் விதி வழுவாதவன்.

காலையில், பாதாம் தோலுரித்துக்கொண்டிருந்த தோழி ஆவ்லினின் வாயருகே கரண்டியை நீட்டினாள்.

“உண்மையைச் சொல்லுடி. எப்படி இருக்கு?”

“சுவாரஸ்யமா இருக்கு, சீமாட்டி.”

“சீமாட்டி கெடக்கட்டும். உன் கல்யாண கேக்கை மடியில வெச்சு நாப்பது மைல் கொண்டுவந்தவ நான். எங்கிட்ட சொல்லு.”

ஆவ்லின் விழுங்கினாள். “ரொம்ப சுவாரஸ்யமா இருக்கு.”

“நாசமாப் போச்சு!”

அப்போதுதான் பெட்ரோனில்லாவுக்கு அந்த யோசனை வந்தது. வந்தவுடன் சிரிப்பும் வந்தது. வாயை முன்கச்சையால் பொத்திக்கொண்டாள்.

பதினொரு மணிக்கு அவளுடைய வகுப்பு. பதினான்கு பேர் அங்கிக் கைகளைச் சுருட்டி மடித்துக்கொண்டு வந்தார்கள். சங்கத்தில் சேர்ந்து இரண்டே மாதமான மருந்துக்கடைக்காரர் ஓட்டோ, தாமே செதுக்கிய மரக்கரண்டியை இடுப்பில் செருகியிருந்தார். விதியை எவரும் சொல்லித்தராமலே அவர் வாசலில் மோப்பம் பிடித்துவிட்டவர். கடைசியாக கெரோல்ட் நொண்டியபடி வந்து, ஒரு முக்காலியைப் பின்வரிசைக்கு இழுத்துப்போட்டுக் காலை நீட்டி அமர்ந்தார்.

இரண்டு மேசை, இரண்டு சட்டி, ஒரே செய்முறை. எல்லாம் கொதித்து வந்ததும், “ரொட்டி வெந்துடுச்சா, போய்ப் பாத்துட்டு வாங்க” என்று அவள் அத்தனை பேரையும் அடுப்பறைக்கு விரட்டினாள். கெரோல்ட் கண்ணை மூடியிருந்தார். அவள் இரண்டாவது சட்டிக்குள் பன்னீர்ப் புட்டியை முழுதாகக் கவிழ்த்தாள். இரண்டு கை உப்பு அள்ளிப்போட்டாள். கிராம்பு ஒரு பிடி. போதாதென்று தோன்றவே ஒரு குவளை காடி. சட்டி ஒருமுறை கொப்புளித்து அடங்கியது. பேருந்துக் கண்ணாடி வழியாகவே நாற்பது பிள்ளைகளை அடக்கிப் பழகிய முகம் என்பதால், எல்லோரும் திரும்பி வந்தபோது அதில் ஒன்றும் தெரியவில்லை.

முதல் சட்டியைச் சுவைத்தார்கள்.

“சுவாரஸ்யமா இருக்கு.”

“ஆமா, நல்ல ஆழம்.”

இரண்டாவது சட்டி சுற்றி வந்தது. கண் விழித்த கெரோல்டும் ஒரு கரண்டி வாங்கிக்கொண்டார். ஓட்டோவின் கண்கள் கலங்கின. பக்கத்தில் இருந்தவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். ஆவ்லினின் காது சிவந்தது.

“இது...” என்றார் ஓட்டோ, மூச்சைப் பிடித்துக்கொண்டு, “இது இன்னும் சுவாரஸ்யம்.”

“இதுலதான் அந்தக் காலத்து உயிர் இருக்கு,” என்றாள் ஆவ்லின்.

“நாக்கு நுனில ஆரம்பிச்சு நெத்தி வரைக்கும் போகுதுங்க!”

“விருந்துக்கு ரெண்டாவதையே வெச்சிடுங்க, சீமாட்டி!” என்று ஓட்டோ அறைகூவ, பதிமூன்று பேர் கைதட்டினார்கள். தட்டிய வேகத்தில் ஒருவருக்கு இருமல் வந்து, தண்ணீருக்கு ஓடினார்.

பெட்ரோனில்லா அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள். அது சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே விளங்கவில்லை. இவர்கள் அன்பானவர்கள்; இவர்களிடம் செங்கல்லை வேகவைத்துக் கொடுத்தாலும் இன்னொரு துண்டு கேட்பார்கள். அப்படியானால் முதல் சட்டிக்குக் கிடைத்த பாராட்டை எதில் நிறுத்துப் பார்ப்பது?

சமையலறைக் கதவு திறந்தது. பணியாள் ஒருவரின் தலை நீண்டது.

“மணி ரெண்டாகப் போகுது. மீனா, பட்டாணியா?”

பட்டாணி என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். பின்வரிசையில் முக்காலி தடாலென்று சாய்ந்தது. கெரோல்ட் எழுந்து நின்றார்.

“அந்த ரெண்டாவது சட்டி,” என்றார், கூடம் முழுக்கக் கேட்கும்படி, “கேவலமா இருக்கு.”

யாரோ கரண்டியைக் கீழே போட்டார்கள்.

“கெரோல்ட் பிரபு!” ஆவ்லின் கன்னத்தில் கைவைத்தாள். “நாம அப்படியெல்லாம் சொல்ற வழக்கமே இல்லையே!”

“தெரியும்மா. சோப்பைக் கடல்தண்ணில கரைச்சுக் காய்ச்சின மாதிரி இருக்கு. வேற எப்படிச் சொல்ல? எட்டு வருஷம் எங்கிட்டயும் ஒருத்தரும் சொல்லல. விலாங்கு ஜெல்லிக்கு எழுந்து நின்னு கைதட்டினீங்க. சரி, நல்லாத்தான் இருக்கு போலன்னு மறுவருஷமும் செஞ்சேன். அன்னிக்கு பர்கர் கடை வரிசைல கடைசி ஆளு யாருன்னு நீங்க ஒருத்தராவது திரும்பிப் பாத்தீங்களா?”

ஆவ்லின் தன் கரண்டியைத் துடைக்கத் தொடங்கினாள்.

“நான்தான்! எனக்கு ரொட்டிகூட மிஞ்சல. வெறும் வெங்காயத்தைத் தின்னுட்டு வீட்டுக்குப் போனேன்.”

பெட்ரோனில்லாவின் குரல் எங்கிருந்தோ கிளம்பி வந்தது. “முதல் சட்டி?”

கெரோல்ட் நொண்டியபடி முன்னால் வந்தார். ஒரு கரண்டி எடுத்து மென்றார். இன்னொரு கரண்டி எடுத்தார். கூடமே அவர் தாடை அசைவதைப் பார்த்தது.

“பன்னீர் ஜாஸ்தி, பாதியாக் கொறைங்க. பேரிக்காய் கொழஞ்சு போச்சு, கடைசில போட்டிருக்கணும்.” மூன்றாவது கரண்டி உள்ளே போயிற்று. “மத்தபடி நல்லா இருக்கு. நெசமாவே நல்லா இருக்கு. ஒரு கிண்ணம் இருந்தாக் கொடுங்க.”

“மீனு!” என்று பெட்ரோனில்லா சமையலறைப் பக்கம் அலறினாள். “எண்பது பேருக்கும் மீனு! பன்னீர் பாதி!” அலறிக்கொண்டே கெரோல்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்; அவள் கையிலிருந்த மாவு அவர் தாடியெல்லாம் அப்பியது.

கெரோல்ட் தாடியைத் தட்டிவிட்டுக்கொண்டார். எட்டு ஆண்டு அடைப்பு ஒரேயடியாக உடைந்துபோன மனிதரின் மலர்ச்சி அவர் முகத்தில் இருந்தது. கிண்ணத்தோடு அவர் உற்சாகமாக அடுத்த மேசைப் பக்கம் திரும்பினார்.

“ஓட்டோ, போன மாசக் கூட்டத்துக்கு நீங்க ஒரு முள்ளங்கி ஊறல் கொண்டுவந்தீங்களே...”