பதினாறு கால் சிப்

ஹோஹோய் சந்தையில் ஜிக்போடியின் ரிப்பேர் கடைக்கு வருவதெல்லாம் தண்ணீரில் விழுந்த கைப்பேசிகள்தான். அன்று காலை மலைமேலிருக்கும் சின்ன ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் என்யோனம் போனில் கூப்பிட்டாள். முந்தின நாள் இடியில், குழந்தைகளைச் சூடாக வைக்கும் இன்குபேட்டர் பெட்டி நின்றுவிட்டது. குறைமாதத்தில் பிறந்த இரட்டையர் இருந்தார்கள். பாதையில் மண் சரிந்து, மோட்டார் சைக்கிள் மட்டும்தான் நுழையும்.

"நான் போன் பாக்குறவ, சிஸ்டர்."

"போனைவிட இது பெருசுதானே, உனக்கு லேசாத்தான் இருக்கும். வா."

ஜிக்போடி மலையேறிப் போய்ச் சேர்ந்தபோது, இன்குபேட்டருக்குப் பக்கத்து அறையில் தகப்பன் செனானு சட்டையில்லாமல், ஒரு குழந்தையை நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டியிருந்தான். இன்னொன்று அவன் தங்கையிடம். தாய் ஆபரேஷன் மயக்கத்தில் கிடந்தாள்.

"இவன் அட்சு, அங்கே எட்சே," என்றான். "என் நெஞ்சு பூரா முடி. அட்சுக்கு ஓசிக் கம்பளி, அக்கா."

இன்குபேட்டரின் சர்க்யூட் பலகையில் வெப்பத்தை அளக்கும் சிப் வெடித்திருந்தது. பதினாறு கால், சுண்டுவிரல் நகத்தளவு. ஸ்டோர் ரூமில் அதே மாடலில் ஒரு பழைய பெட்டி, மோட்டார் போய்க் கிடந்தது. அதிலிருந்து நல்ல சிப்பைச் சூடான காற்றடித்துப் பூப்போல எடுத்துவிட்டாள். வெடித்த சிப்பை எடுக்கும்போதுதான் அவசரப்பட்டாள். ஓரத்தில் ஈயம் உருகுமுன்பே தூக்கிவிட்டாள். ஒரு காலோடு பலகையின் செம்பும் பிய்ந்து வந்தது.

லென்ஸுக்கடியில் தலைமுடி போன்ற கம்பியை அந்த இடத்துக்கு இழுத்து ஒட்டினாள். மூன்று முறை விட்டுப்போனது. பிறகு நல்ல சிப்பை வைத்து ஒட்டும்போது இரண்டு கால்களுக்கு நடுவே ஈயம் ஓடிச் சேர்ந்துகொள்ள, அதையும் உறிஞ்சியெடுக்க வேண்டியிருந்தது. பிய்ந்ததைச் சரிசெய்யவே ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிற்று.

"பிள்ளைங்க எப்படி இருக்கு, சிஸ்டர்?"

"நீ வேலையப் பாரு," என்றாள் என்யோனம்.

மூன்று மணிக்குப் பெட்டி உயிர்பெற்றது. வேறொரு தெர்மாமீட்டரை உள்ளே வைத்து, இரண்டு அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொண்டே சூடேறக் காத்திருந்தாள். பிறகு பக்கத்து அறைக்குப் போய், "ரெண்டு பேரையும் கொண்டாங்க," என்றாள்.

தங்கை மட்டும் எழுந்து வந்தாள். செனானு நெஞ்சுத் துணியை அவிழ்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"அட்சு ரெண்டு மணிக்கே போயிட்டான்," என்றாள் என்யோனம் மெதுவாக. "சொல்லியிருந்தா உன் கை நடுங்கியிருக்கும். எட்சேக்கு அந்தக் கை வேணும்."

ஐந்து வாரத்தில் எட்சே வீட்டுக்குப் போனான். அதன்பிறகு ஒருநாள் ஜிக்போடி நர்ஸிடம் கேட்டாள்: "அந்தச் செம்பு பிய்யாம இருந்திருந்தா, அட்சு பொழைச்சிருப்பானா?"

"தெரியலடி. இல்லைன்னு சொல்லிடலாம். உங்கிட்ட பொய் சொல்ல மனசு வரல."

செனானு கடைக்கு வந்தது மழைக்காலம் முடிந்தபிறகு. நான்கு சேனைக்கிழங்குகளை மேசையோரம் வைத்தான். எட்சே கொழுத்துவிட்டான் என்றான். பிறகு கேட்டான்:

"அக்கா, அந்தப் பெட்டியில ரெண்டு பேருக்கும் இடம் இருந்துச்சா?"

ஜிக்போடி கையிலிருந்த கைப்பேசியைக் கீழே வைத்தாள். இல்லையென்று சொல்லியிருக்கலாம்.

"இருந்துச்சு," என்றாள்.

அவன் தலையாட்டினான். உட்காரச் சொல்லி ஸ்டூலை நகர்த்தினாள். அவன் உட்கார்ந்தான்.